மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை: மார்பகப் புற்றுநோய் அபாயத்தை அறிந்து முடிவெடுக்கும் முறை

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீரென்று காந்துகிறது, நடு இரவில் ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்த்து விழிப்பு வந்துவிடுகிறது என்று சொல்லும் பெண்ணுக்குத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கங்களில் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. "எல்லாருக்கும் வர்றதுதானே, கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்" என்பது வீட்டில் கிடைப்பது. மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது, அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் பத்து மாத்திரை; பெயர் அச்சிட்ட துண்டு கடையிலேயே தங்கிவிடுவதால், தான் விழுங்குவது என்ன மருந்து என்பது வாங்கியவருக்கே தெரிவதில்லை. இன்னொரு பக்கம், "ஹார்மோன் மாத்திரை போட்டால் மார்பில் கேன்சர் வரும்" என்ற ஒற்றை வரியைக் கேட்டுப் பயந்து, உண்மையிலேயே தேவைப்படும் சிகிச்சையை மறுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மூன்றும் பெண்களுக்குக் கேடு செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஹார்மோன் சிகிச்சையால் வரும் மார்பகப் புற்றுநோய் அபாயம் எல்லாருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. எந்த ஹார்மோன், கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா, எந்த வயதில் தொடங்குகிறார், எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறார் என்ற நான்கையும் பொறுத்து அது கூடும், குறையும், சிலருக்கு இல்லாமலும் போகும். அந்த நான்கையும் தெரிந்துகொண்டு மருத்துவர் முன் உட்காரும் பெண்ணுக்கும், ஒன்றும் தெரியாமல் உட்காரும் பெண்ணுக்கும் கிடைக்கும் சிகிச்சையிலேயே வேறுபாடு இருக்கும். ஆகவே, மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பும் பார்க்கும்போதும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

நின்றுவிட்டதா என்று உறுதிசெய்வது

தொடர்ந்து 12 மாதங்கள் தீட்டு வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். மேலை நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. 45 வயதைத் தாண்டியவருக்கு இதைக் கண்டறிய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. 45க்கு முன்பே நின்றுவிட்டால், அதிலும் 40க்கு முன்பே நின்றுவிட்டால், பரிசோதனை அவசியம். அவர்களுடைய கணக்கே வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். படபடப்பு, வியர்வை, அசதி எல்லாமே மாதவிடாய் நிற்பதால்தான் என்று முடிவுகட்டிவிடாமல், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வருடம் நின்றிருந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை "மறுபடியும் தூரம் வந்துடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எந்த ஹார்மோனையும் தொடங்கக் கூடாது.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது டெல்டா மாவட்டங்களில் பரவலாக நடக்கிறது. அது நோரெத்திஸ்டெரோன் என்ற, புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை ஹார்மோன். இளம் வயதில் மருத்துவர் சொல்லிச் சில நாட்கள் போட்டுக்கொள்வதற்கும் இந்தக் கட்டுரை பேசும் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. ஆனால் 45 வயதுக்கு மேல், உதிரப்போக்கு முறைதவறிப் போகத் தொடங்கிய பிறகு, அதே மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி உதிரத்தை நிறுத்திக்கொண்டே இருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் நோய் மறைந்து வளர இடம் கொடுத்ததாகிவிடும்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பழைய அறுவைச் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி. "ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று பெண்கள் சொல்லும்போது அது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையா, கர்ப்பப்பையை எடுத்த அறுவையா என்பது கேட்பவருக்குப் புரிவதில்லை. கர்ப்பப்பையை எடுத்தவர்களிலும் சினைப்பைகளைச் சேர்த்து எடுத்துவிட்டார்களா, விட்டுவைத்தார்களா என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டைப்பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எக்ஸ்ரே, பழைய சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் இருக்கும். அந்த ஒரு தாள் மட்டும் இருக்காது. அறுவை நடந்த மருத்துவமனையில் பதிவு எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் அடிவயிற்று ஸ்கேன் ஒன்றே கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லிவிடும்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. உடம்பு காந்துவதையும் வியர்வையையும் தணிப்பது, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். ஆனால் கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயாக மாறும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஒன்றைச் சேர்க்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தை அதிகம் கூட்டுவது இந்தச் சேர்க்கைதான். கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்கு அந்த இரண்டாவது ஹார்மோன் பொதுவாகத் தேவையே இல்லை. ஆக, இருவரும் "ஹார்மோன் மாத்திரை" என்ற ஒரே பெயரில் வாங்கினாலும், அவர்கள் சுமக்கும் அபாயம் வேறு வேறு.

அந்தத் தாளுடன், குடும்பத்தில் யாருக்கெல்லாம் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்தது, எந்த வயதில் வந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அம்மா வழியை மட்டும் எழுதினால் போதாது. அப்பாவின் தங்கைக்கும் அப்பாயிக்கும் வந்திருந்தால் அதற்கும் அதே எடை உண்டு, ஏனெனில் பிராக்கா என்ற மரபணுக் கோளாறு தகப்பன் வழியாகவும் மகளுக்கு வரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில், "அது அவங்க வீட்டு நோய்" என்று பிரித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. இரண்டு வீடும் ஒரே ரத்தம்தான்.

எண்களைப் படிக்கும் விதம்

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியது 2002 ஜூலையில். அமெரிக்காவில் நடந்த பெண்கள் நலப் பேராய்வில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜனையும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை. சராசரியாக 5 ஆண்டுகளைச் சற்றுத் தாண்டிய நிலையில், மார்பகப் புற்றுநோய் கூடியதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். "26 சதவீதம் கூடுகிறது" என்று செய்தி போயிற்று. அந்தச் சதவீதம் பொய்யில்லை. ஆனால் எதில் 26 சதவீதம் என்று கேட்டால்தான் அதன் அளவு விளங்கும். மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. நம் பக்கத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் 50 வயதைக் கடந்த பெண்கள் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டினால் ஏறத்தாழ 10,000 பேர் தேறுவார்கள். அத்தனை பேரும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் ஓராண்டில் கூடுதலாக 8 பேர். எட்டு என்பது சிறிய எண்தான், அந்த எட்டுப் பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது சிறியது அல்ல. இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி அவ்வளவாகச் செய்தியாகவில்லை. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதம் கூடியதால் அந்தப் பகுதி 2004இல் நிறுத்தப்பட்டது. நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட முடிவில், அந்தப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வந்திருந்தது.

2019இல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டுத் தொகுப்பாய்வு அவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லவில்லை. 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் ஹார்மோன் எடுப்பவர்களை அது கணக்கிட்டது. எதுவுமே எடுக்காத 100 பெண்களில் 50 முதல் 69 வயதுக்குள் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்றால், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோன் வகையையும் தினமும் சேர்த்து எடுத்தவர்களில் அது 8.3; புரோஜெஸ்டிரோன் வகையை மாதத்தில் சில நாட்கள் மட்டும் சேர்த்தவர்களில் 7.7, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 6.8. அதாவது தினமும் இரண்டும் சேர்த்து எடுப்பவர்களில் 50 பேருக்கு ஒருவர் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேருக்கு ஒருவர். ஓராண்டுக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு அபாயம் மிகச் சிறிது. நிறுத்தியபின் அது குறைகிறது, ஆனால் நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு நிறுத்திப் பத்தாண்டு கழிந்தும் ஓரளவு எஞ்சியிருக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் மேலை நாட்டுப் பெண்களைக் கொண்டு கணக்கிட்டவை. வயதைச் சமன்செய்து பார்த்தால் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் அமெரிக்காவில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். ஆகவே கூடுதலாக வரும் எண்ணிக்கையும் இங்கே குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் அதை வைத்து அலட்சியமாக இருந்துவிட முடியாது: 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு; இங்கே அது முற்றியபின் வந்து சேர்வதுதான் பெரிய துயரம்.

யாருக்குத் தகும், யாருக்குத் தகாது

ஹார்மோன் சிகிச்சை பொதுவாகத் தகுவது, 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டு ஆகாத, வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு வெக்கையும் வியர்வையும் தூக்கமின்மையும் உள்ள பெண்ணுக்கு. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதால், அதில் கண்ட இதய நோய் அபாயத்தை 48 வயதுப் பெண்ணின் மேல் அப்படியே சுமத்த முடியாது. "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்ற ஆறுதலும் எல்லாருக்கும் பொருந்தாது: அமெரிக்காவில் பல ஆண்டு தொடர்ந்து நடந்த ஓர் ஆய்வில், அடிக்கடி உடல் காந்துபவர்களுக்கு அது 7 ஆண்டுக்கும் மேல் நீடிப்பது சாதாரணமாகக் காணப்பட்டது. ஏழு ஆண்டு தூங்காமல் இருந்துகொண்டு நாற்றங்காலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போகச் சொல்வது கொடுமை. பொறுத்துக்கொள்வது ஒரு சிகிச்சை முறை அல்ல.

40 வயதுக்கு முன், அல்லது 45க்கு முன் மாதவிடாய் நின்றுவிட்டவர்களுக்கும், அந்த வயதுக்குள் சினைப்பைகளை எடுத்துவிட்டவர்களுக்கும், தடை எதுவும் இல்லை என்றால் இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுப்பதையே மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அவர்கள் உடம்பில் அந்த வயதில் இயல்பாக இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பித் தருகிறோம். தராவிட்டால் எலும்பும் இதயமும் முன்கூட்டியே நலிந்துபோகும். முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, ஒரு மாத்திரையும் எழுதித் தராமல் அனுப்பிவைக்கப்பட்ட பெண்கள் நம் கிராமங்களில் நிறையவே இருக்கிறார்கள். "கேன்சர் வரும்" என்று சொல்லி அவர்களைத் தடுப்பது, ஐம்பதைத் தாண்டியவர்களின் கணக்கை நாற்பதுக்குக் கீழ் உள்ளவர்களின் தலையில் கட்டுவதாகும்.

மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கு மாத்திரையாகவோ தோல் வழியாகவோ உடம்பு முழுவதும் பரவும் ஹார்மோன் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் நாட்டு ஆய்வில் நோய் திரும்ப வருவது கூடியதால், அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கும் இது தகாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த வடிவில், எத்தனை காலம்

மருத்துவர் ஹார்மோன் எழுத முடிவெடுத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ எனக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். மாத்திரையைவிட அவற்றில் ரத்தம் உறையும் அபாயம் குறைவு. கர்ப்பப்பை இருந்தால், செயற்கை வகைக்குப் பதிலாக நுண்துகள் புரோஜெஸ்டிரோன் (உடம்பில் இயல்பாக ஊறும் அதே ஹார்மோனை நுண்ணிய துகளாக்கியது) தர முடியுமா என்று கேட்க வேண்டும். பிரான்சில் நடந்த நீண்டகாலத் தொடர்கணிப்பில் அதை எடுத்தவர்களுக்கு மார்பக அபாயம் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல என்பதால் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறப்புறுப்பு வறட்சி, சிறுநீர் எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி ஆகியவை மட்டுமே தொந்தரவு என்றால், அங்கேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். அதனால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாக மேற்சொன்ன தொகுப்பாய்வு காணவில்லை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் மருந்து சாப்பிடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லத் தயங்கினால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டிவிடலாம்.

அளவு, குறைகளைத் தணிக்கும் மிகக் குறைந்த அளவாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தொடரத்தான் வேண்டுமா என்று புதிதாக முடிவெடுக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் மாசி மாதத்தை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மாத்திரை அட்டையை முழுதாக வாங்கி, காலியான அட்டையையும் மருத்துவரிடம் காட்டும் வரை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

ஹார்மோன் இல்லாமல் சமாளிப்பது

ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும் வேறு மருந்துகள் உண்டு. வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்றவை காந்தலை ஓரளவு குறைக்கின்றன. இரவு வியர்வையால் தூக்கம் கெடுபவர்களுக்குப் பின்னது உதவலாம். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பராக்ஸிட்டின், ஃபுளுவாக்ஸிட்டின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள், தமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் தமாக்ஸிஃபென் அட்டையை முதலில் மேசையில் வைத்துவிட வேண்டும்.

அன்றாடத்தில், குறுவை நடவு, களையெடுப்புக் காலத்து வெயிலில் வேலை செய்பவர்கள் கிழக்கு வெளுக்கும்போதே இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுவது, பாலியெஸ்டருக்குப் பதில் நூல் புடவையும் நூல் ஜாக்கெட்டும் அணிவது, தண்ணீர்க் குடத்தை வரப்பிலேயே வைத்துக்கொள்வது ஆகியவை உண்மையாகவே பயன் தரும். காப்பி சிலருக்குக் காந்தலைத் தூண்டிவிடும். கும்பகோணத்துப் பெண்ணிடம் காப்பியை விடச் சொல்வது கடினம்தான், ஆனாலும் ஒரு வாரம் மாலைக் காப்பியை நிறுத்திப் பார்த்தால் தனக்கு அது காரணமா என்று தெரிந்துவிடும். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம், சோயா மாத்திரை என்று விற்பவை எல்லாருக்கும் பலன் தருவதாக உறுதியான சான்று இல்லை. சுண்டலாகவும் குழம்பிலும் சோயா சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மூலிகை எதையும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

அபாயத்தையே குறைப்பது

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க ஒரு பெண் தன் கையால் செய்யக்கூடியவற்றில் முதலிடம் உடல் எடைக்கு. சினைப்பை ஓய்ந்தபின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசுவில்தான் உண்டாகிறது. இடுப்பிலும் வயிற்றிலும் கொழுப்புக் கூடக் கூட, மாத்திரை போடாமலேயே ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டிருக்கும். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 5 புள்ளி கூடினால் இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்தபின், நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த பெண்களின் வேலை பல ஊர்களில் குறைந்துவிட்டது. ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவும் சோறு அல்லது தோசை என்ற சாப்பாடு உழைத்த நாட்களின் அளவிலேயே நிற்கிறது. சோற்றை விடச் சொல்லவில்லை. மதியச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையோ பயறோ மீனோ வைப்பதும், வாரத்தில் 150 நிமிடத்துக்குக் குறையாமல் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதும் போதுமான தொடக்கம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நாகப்பட்டினத்துச் சிறுமீன் ஆகியவை எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துத் தரும். மது அருந்துவது அபாயத்தைக் கூட்டும். அளவு குறைந்தாலும் கூட்டவே செய்யும்.

மகள்களுக்கும் மருமகள்களுக்கும் சொல்ல வேண்டியது தாய்ப்பால். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, மொத்தம் 12 மாதம் தாய்ப்பால் கொடுப்பதற்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. பிள்ளைக்காகக் கொடுப்பது தாய்க்கும் காவலாகிறது.

குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளம் வயதில் வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். பிராக்கா கோளாறு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். அப்படி அபாயம் மிகுந்தவர்களுக்குத் தமாக்ஸிஃபென், ரலாக்ஸிஃபென் போன்ற தடுப்பு மருந்துகள் சில சூழ்நிலைகளில் தரப்படுகின்றன. அவை நோய் வரும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்கும், ஆனால் ரத்தம் உறைதல், உடல் காந்தல் கூடுதல் போன்ற விலையும் உண்டு. இவற்றைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மார்பகப் பரிசோதனை

நாட்டின் பரிசோதனைத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகத்தைக் கையால் சோதிப்பது சேர்க்கப்பட்டுள்ளது, கட்டணம் இல்லை. கைப் பரிசோதனையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். மும்பையில் 1 லட்சத்து 51 ஆயிரம் பெண்களைக் கொண்டு 20 ஆண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தேதி கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து போய்விடலாம்.

ஹார்மோன் தொடங்கும் முன் மருத்துவர் மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) கேட்கலாம். இரண்டும் சேர்ந்த ஹார்மோன் மார்பகத் திசுவை அடர்த்தியாக்கிப் படத்தைப் படிப்பதைக் கடினமாக்கும் என்பதால், முன்னரே எடுத்த படம் ஒன்று ஒப்பிடக் கையில் இருப்பது நல்லது. அன்று பவுடரும் வாசனைப் பூச்சும் போடாமல் போக வேண்டும். பவுடர்த் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள்போலத் தெரியலாம். புடவையோடு தனியாக ஜாக்கெட் அணிந்து போனால் மேலாடையை மட்டும் கழற்றுவது எளிது. கழுத்தில் இருப்பவற்றைக் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் ஒப்பாமல் வாசல் வரை வந்து திரும்பிப்போகும் பெண்கள் உண்டு; படமெடுக்கும் பெண் ஊழியரிடம் முன்கூட்டியே சொன்னால், முதுகுப் பக்கம் தள்ளி ஒட்டிவைத்துக்கொண்டு எடுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு பலகைக்கு நடுவே மார்பை அழுத்தும்போது வலிக்கும், அது சில வினாடிகள்தான்.

கட்டி தட்டுப்பட்டால்

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவற்றில் எது தெரிந்தாலும் ஹார்மோன் எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "வலிக்கலையே" என்பதுதான் நம் பெண்கள் தாமதிக்கும் முதல் காரணம். மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும் என்ற பயம் இரண்டாவது காரணம். அது உண்மையில்லை, அந்த ஊசிப் பரிசோதனை இல்லாமல் சரியான சிகிச்சையே தொடங்க முடியாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலும் முதலில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மையம் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் முனைந்து நின்று 1954இல் தொடங்கியது அது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி உண்டு. நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, அட்டையை இப்போதே வாங்கிவைப்பது மேல்.

சதைப் பரிசோதனை முடிவு புற்றுநோய் என்று வந்தால், கட்டியில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள்) இருக்கின்றனவா, கட்டியை வேகமாக வளர்க்கும் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்ற தனி அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். தமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை தேவையா என்பதை முடிவுசெய்வது அதுதான். அதில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மகளிடமோ அண்ணன் வீட்டிலோ கொடுத்துவைக்க வேண்டும். பல ஆண்டு கழித்து உடல் காந்தலுக்கோ வறட்சிக்கோ வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அவர் மருந்து எழுதும் முன் அவர் கையில் இருக்க வேண்டிய தாள் அது.